சத்து மாடபேடி!

ஓசூரில் பேச்சுலர் ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்கு ஒரு உண்மை தெரியும். இந்த ஊரில் கரண்ட் போனால்தான் 'அட, இவ்வளவு நேரம் இத்தனை சத்தத்திலா இருந்தோம்!' என்று புரியும்.

என் ரூமுக்கு இடது பக்கம் ஒரு பட்டறை. தகடு அடிக்கிற மெஷின் நிமிஷத்துக்கு நாற்பது தடவை 'டங்'கென்று விழும். வலது பக்கம் பெங்களூர் ஹைவே. கேரள லாரி, ராஜஸ்தான் லாரி, ஹார்னில் சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆந்திரா லாரி என்று அகில இந்திய ஒருமைப்பாடு விடிய விடிய நடக்கும். ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்ஷன். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, கத்துவார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா, ''ஏண்டா இப்படிக் கத்திப் பேசறே? நான் என்ன செவிடா?'' என்கிறாள்.

இப்படிப்பட்ட பேர்வழியிடம் ஒரு நாள் மத்தியானம் கேன்டீனில் க்யூ.ஸி. நண்பர் வந்து உட்கார்ந்தார். கம்பெனி அவரை மூன்று மாதம் டிரெயினிங்குக்காக இங்கிலாந்து அனுப்பி, அப்போதுதான் திரும்பியிருந்தார். சுற்றிலும் கூட்டம். லண்டன் பிரிட்ஜ், ராணி வீடு, இத்யாதிகளைப் பற்றி எதிர்பார்த்தோம். அவரோ செல்போனை எடுத்து மரமாகக் காட்டினார். மரம். இன்னொரு மரம். பொந்து விழுந்த ஒரு கிழட்டு மரம்.

''இது எந்த இடம் ஸார்?''

''பர்ன்ஹாம் பீச்சஸ்.''

''பீச்சா? கடலையே காணோம்!'' என்றார் ஸ்டோர்ஸ்காரர். ''சுண்டல் கிடைக்குமா?'' என்றது பின் பெஞ்ச்.

'பீச்' என்பது அங்கே ஒரு மரத்தின் பெயராம். லண்டனுக்கு மேற்கே, ஸ்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் காடு. பல நூறு வருஷத்துக் கிழ மரங்கள். அந்தக் காலத்தில் விறகுக்காக அடியோடு வெட்டாமல், ஆள் உயரத்துக்கு மேலே கிளைகளை மட்டும் கழித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்படிக் கழிக்கக் கழிக்க மரம் இன்னும் நாள் கணக்காக வாழ்கிறது. 1880-ல் அந்த இடத்தில் வீடு கட்டிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது, லண்டன் சிட்டி கார்ப்பரேஷனே விலைக்கு வாங்கி, பொதுமக்களுக்கென்று விட்டுவிட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் ஏக்கர். நம்மூரில் கார்ப்பரேஷன் நிலம் வாங்கினால் பஸ் ஸ்டாண்டு வரும். அங்கே காடு!

1600-ம் வருஷத்திலிருந்து விடாமல் காடாகவே இருந்து வருகிற இடம் என்றால், இங்கிலாந்தில் அதற்குத் தனி மரியாதை. 'தொன்மையான காடு' என்று கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

''அங்க போய் என்ன பண்ணீங்க?''

''ஒண்ணுமே பண்ணலை. ரெண்டு மணி நேரம் சும்மா நடந்தோம். கூட வந்த வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. அவ்வளவுதான். ஆனா...''

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. சாதம் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் வைக்க வந்த கேன்டீன் தம்பி, ஜக்கை டேபிளில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், நொகனூர் காட்டோரம் அவன் ஊர். ''இதுக்கா ஸார் ஏரோப்ளேன்ல போனீங்க? எங்க ஊர்ல இல்லாத காடா? அய்யூர் வாங்க, கூட்டிட்டுப் போறேன். ஒரே கண்டிஷன். அங்கேயும் பேசக்கூடாது!''

''ஏம்ப்பா, சைலன்ஸ் போர்டு போட்டிருக்கா?''

''இல்லீங்ண்ணா. ஆனை இருக்கும்.''

கேன்டீனே கப்சிப்!

அப்படித்தான் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, இரண்டு பைக்கில் மூன்று பேர் கிளம்பினோம். அதற்கு முன்பே க்யூ.ஸி. நண்பர் மத்திகிரியில் இருக்கிற வனத்துறை ஆபீஸுக்குப் போய் முறைப்படி அனுமதி வாங்கி வைத்திருந்தார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது சட்டப்படி குற்றம். 'சும்மா உள்ளே போய் ஒரு ஸெல்ஃபி எடுத்துட்டு வந்துடலாம் மச்சி' கோஷ்டிகள் இந்த இடத்திலேயே கட்டுரையை மடித்து வைத்துவிட்டு வேறு பக்கம் போகலாம்.

மத்திகிரி தாண்டும்போதே ஊர் மாறிவிடுகிறது. சாலையோரம் கால்நடைப் பண்ணையின் மேய்ச்சல் நிலம். 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஆரம்பித்த பண்ணை இது. குதிரை வளர்க்க ஏன் ஓசூரைப் பிடித்தார்கள்? குளிர்தான். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். நாங்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு போனது கம்பெனிக்காரனுக்கு 200 வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பக்கத்தில் தளியைப் பார்த்துவிட்டு 'லிட்டில் இங்கிலாந்து' என்றே பெயர் வைத்துவிட்டான். மேடு பள்ளமான பச்சை நிலம், ஏரிகள், மூடுபனி... ஊர் ஞாபகம் வந்து அழுதிருப்பான் பாவம். இன்று அதே குளிரை நம்பித்தான் தளி ரோடு முழுக்க பாலிதீன் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14 அன்று உங்களுக்குக் கிடைக்காமல் போகிற ரோஜா பெரும்பாலும் இங்கே பூத்ததுதான்.

தேன்கனிக்கோட்டை வரை சுமார் 25 கிலோ மீட்டர். டீக்கடையில் நின்றோம். டீ மாஸ்டர் ஒருவரிடம் தெலுங்கில் காசு வாங்கி, இன்னொருவரிடம் கன்னடத்தில் சில்லறை கொடுத்து, எங்களிடம் ''ஸ்ட்ராங்கா ஸார்?'' என்றார். யானை இந்த ஊரில் ஆனை, ஆனெ, ஏனுகு. மூன்று பாஷையிலும் பயம் ஒன்றுதான். இந்த ஊர்ப் பெருமாள் பேட்டராய சுவாமி. வேட்டைக்கு வந்த பெருமாள் என்று டீக்கடைப் பெரியவர் விளக்கம் சொன்னார். சாமியே வேட்டைக்கு வருகிற அளவுக்குக் காடு இருந்திருக்கிறது!

வேட்டை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பக்கம் நகர முடியாது. கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர். பெங்களூர்வாசி. வேலை? பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் ஃபேக்டரி மேனேஜர். அதாவது நம்ம ஜாதி. வாரம் பூரா ஃபைல், ஷெட்யூல், மீட்டிங். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காட்டுக்குள் போய்விடுவார். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்டவர். 1954-ல் வந்த அவருடைய 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' புத்தகத்தில் ஜவளகிரிப் புலி ஒன்று வருகிறது. ஜோடியைப் பறிகொடுத்து, பிறகு மனிதரை அடிக்க ஆரம்பித்த பெண் புலி. ஆண்டர்சன் ஆண் புலி மாதிரியே குரல் கொடுத்தார். அது ஜோடிதான் கூப்பிடுகிறது என்று நம்பி வந்தது. சுட்டார். படித்தபோது எனக்கு என்னவோ புலி பக்கம்தான் மனசு போனது. அவருக்கும் கடைசி காலத்தில் துப்பாக்கியைவிட காட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பிடித்திருந்தது என்பது அவருடைய எழுத்தைப் படித்தால் தெரியும்.

நொகனூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ராகி வயல். கதிர் முற்றிப் பழுப்பேறி, அறுவடைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. நடுநடுவே அவரைக் கொடி. ஒவ்வொரு வயலிலும் மரத்தின் மேலோ, நாலு கம்பு நட்டோ ஒரு பரண். கோணிப்பை, போர்வை, ஒரு தகர டின். ''இது என்னப்பா, வாட்ச்மேன் கேபினா?'' என்றார் க்யூ.ஸி. நண்பர்.

''எங்கப்பாவோட பெட்ரூம் ஸார்,'' என்றான் கேன்டீன் தம்பி. ''அறுப்பு முடியற வரைக்கும் ராத்திரி இங்கதான்.''

அய்யூரில் வனத்துறை விடுதியும் பூங்காவும் இருக்கிறது. அங்கே பைக்கை நிறுத்தினோம். எங்களை அழைத்துப் போக வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர். அறுபதை நெருங்கிய பெரியவர். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு வளைந்த கத்தி. எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் மஞ்சள் டீ-ஷர்ட்டைக் காட்டி, ''இதென்ன சாமி, மாரியம்மன் கோயிலுக்கா?'' என்றார். கேன்டீன் தம்பி தன் பழுப்புச் சட்டையைக் கழற்றி என்மேல் போட்டான். ஷூ சத்தம், சென்ட் வாசனை எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினோம். பிறகு உதட்டில் விரல் வைத்துச் சொன்னார்:

''சத்து மாடபேடி.''

நமக்கு சத்து என்றால் சத்துணவுதானே தெரியும்! கன்னடத்தில் 'சத்து' என்றால் சத்தம். சத்தம் செய்யாதீர்கள் என்று அர்த்தமாம். உள்ளே நுழைந்தோம்.

முதல் பத்து நிமிஷம் எனக்கு ஏமாற்றம்தான். ஒளிக்காமல் சொல்கிறேன். சினிமாவில் வருகிற காடு மாதிரி அருவி இல்லை, வானத்தை மறைக்கிற மரம் இல்லை. இது வறண்ட இலையுதிர் காடு. பிப்ரவரி தாண்டினால் பாதி மரம் மொட்டையாகிவிடும். மழை முடிந்த இந்த நவம்பர், டிசம்பர்தான் அதற்குத் தீபாவளி. முழங்கால் உயரப் புல், முள், நடுவில் ஒற்றையடித் தடம். இதற்கா இவ்வளவு பில்டப்?

பெரியவர் ஒரு மரத்தடியில் நின்றார். கத்தியின் பின்பக்கத்தால் மெதுவாகத் தொட்டார். ''வெக்காலி.'' வெள்ளை வெளேரென்று வழுவழுப்பான பட்டை. அடுத்தது? ''துரிஞ்சி.'' அதன் இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டினார். அடடா, சனிக்கிழமை அரப்பு! பாட்டி தலையில் தேய்த்துக் கண்ணெல்லாம் எரிய வைத்த அதே அரப்பு. அது ஒரு மரத்தின் இலை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கருங்காலி, நெல்லி, கடுக்காய், தான்றி. ஓடையோரம் நீர்மருது. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொல்ல, இவ்வளவு நேரம் 'மரம்' என்று ஒரே கூட்டமாகத் தெரிந்தது தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நின்றது. புது ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் மாதிரி.

ஆபீஸ் என்றதும் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். சந்தனம். பார்ப்பதற்கு ஒல்லியாக, பரம சாதுவாக நின்றிருந்தது. ஆனால் ஆசாமி லேசுப்பட்டவரில்லை. மண்ணுக்கடியில் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேருக்குள் செருகி, அங்கிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். நம் பக்கத்து சீட்டுக்காரர் டிபன் பாக்ஸில் கை வைப்பார் இல்லையா, அதே டெக்னிக்! அதனால்தான் சந்தனத்தைத் தனியாக வளர்த்தால் சரியாக வருவதில்லை. சுற்றிலும் வேறு மரங்கள் வேண்டும். இந்த மலைத் தொடரிலிருந்து எத்தனை சந்தன மரம் இரவோடு இரவாக லாரி ஏறியது என்பதற்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. தெற்கே காவிரிக்கரையில் இருக்கிறது வீரப்பனின் கோபிநத்தம். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவர் கதை முடிகிற வரை, இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு உல்லாசமாக யாரும் வந்ததில்லை.

சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாக ஒரு பூ எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடந்தது. ''அழகா இருக்கே!'' என்று கிசுகிசுத்தேன். பெரியவர் முகம் கோணியது. உண்ணிச்செடி. இந்த ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1800-களின் தொடக்கத்தில் பங்களா தோட்டத்து அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அது தோட்டத்து வேலியைத் தாண்டி தேசம் பூரா பரவிவிட்டது. மாடு தின்னாது, மான் தின்னாது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் யானைக்கு என்ன வேலை? அது ராகி வயலைத்தான் பார்க்கும். இந்தச் செடிக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதன் தண்டுகளைப் பின்னி ஆளுயரமென்ன, ஆனை உயரத்துக்கே யானை பொம்மைகள் செய்தார்கள். 2021-ல் அந்த யானைகள் கப்பலேறி லண்டன் கிரீன் பார்க்கிலும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலும் மந்தையாக நின்றன. வெள்ளைக்காரன் கொடுத்த செடியை யானையாகச் செய்து திருப்பி அனுப்பிவிட்டோம்! க்யூ.ஸி. பாஷையில் இதற்கு 'ரிஜெக்ஷன் ரிட்டர்ன்' என்று பெயர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தோம். பிறகு நடுவில் எப்போதோ பேசுவது தானாகவே நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை. காதுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. முதலில் என் மூச்சு கேட்டது. அப்புறம் பின்னால் வருகிறவர் மூச்சு. தூரத்தில் காட்டுக்கோழி ஒன்று விட்டுவிட்டுக் கூவியது. ஒரு மரங்கொத்தி பத்துத் தட்டு தட்டிவிட்டு யோசித்தது. பிறகு இலை விழுகிற சத்தம் கேட்டது. இதை ஆபீஸில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒரு இலை, கிளையை விட்டு, இன்னொரு இலையில் பட்டு, புல்லில் விழுகிற வரை மூன்று சத்தம். நான் எண்ணினேன். ஓசூருக்கு வந்து ஆறு வருஷத்தில் என் காதுக்குள் ஒரு 'ஙொய்ங்' இருந்துகொண்டே இருக்கும். அது எனக்குள்ளேயே இருப்பது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது இல்லை.

க்யூ.ஸி. நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குக் கேன்டீனில் விட்ட 'ஆனா'வுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

மூங்கில் புதர்கள் ஆரம்பித்தன. காற்றுக்கு மூங்கில் ஒன்றோடொன்று உரசி 'கிர்ர்...' என்று முனகும். பழைய கதவு திறக்கிற மாதிரி. இதே பெருமூங்கில் நாற்பது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, அரிசி கொட்டிவிட்டு, மொத்தமாகச் செத்துப்போகும். பெரியவர் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்திருக்கிறாராம். அதை விரல் ஒன்றைக் காட்டிச் சொன்னார். அப்படியே அந்த விரல் நின்றது.

தடத்தில் சாணி. ஃபுட்பால் சைஸில் நாலைந்து உருண்டை. குனிந்து, புறங்கையை வைத்துப் பார்த்தார். ஆவி வந்தது. எங்களைக் கையமர்த்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டார். தூசு எங்கள் பக்கமே வந்தது. நல்லது, எங்கள் வாசனை அங்கே போகாது. ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

பள்ளத்தில் மூங்கில் ஒடிகிற சத்தம். 'டப்!' தீபாவளி லட்சுமி வெடி மாதிரி. நிசப்தம். மறுபடி 'டப்!' அதற்கும் அடியில் இன்னொன்று. சத்தம் என்று சொல்ல முடியாது. கோயிலில் பெரிய மணி அடித்து ஓய்ந்த பிறகு நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு நிற்குமே, அது. 1984-ல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி யானைக் கூண்டருகே நின்றபோது இதே போல் காற்று அதிர்வதை உணர்ந்து, கருவி வைத்துப் பதிவு செய்தார். மனிதக் காதுக்கு எட்டாத அடி சுருதியில் யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது அப்படித்தான் வெளியே வந்தது. நாங்கள் நின்ற இடத்தில் எவ்வளவு பேச்சு எங்களைத் தாண்டிப் போனதோ! காடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான்.

எத்தனை யானை? பார்க்கவில்லை. ஒரு தும்பிக்கை நுனிகூடப் பார்க்கவில்லை. மூங்கில் தலைகள் ஆடின. அரைமணி நேரம் நின்றோம். கால் மரத்துப் போனது. எறும்பு கடித்தது. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒரு கையை விரித்து, பிறகு மூன்று விரல் காட்டினார். எட்டு. அப்புறம் உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டினார். ஒரு குட்டி.

வந்த வழியே பூனை மாதிரி திரும்பினோம். விடுதிக்கு வந்த பிறகுதான் பெரியவர் வாய் திறந்தார். ''இன்னிக்கி பொழுது போனா கீழ எறங்கும்.''

அவை எங்கே போகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டுக்கும் ஜவளகிரி, தளி காடுகளுக்கும் நடுவே வேலியில்லை. மாநில எல்லை யானைக்குத் தெரியாது. அதற்கு ரேஷன் கார்டும் இல்லை. ராகி கதிர் பிடிக்கிற அக்டோபர், நவம்பரில் பெரிய பெரிய கூட்டங்கள் இந்தப் பக்கம் வரும். தேன்கனிக்கோட்டை, ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சானமாவு காடு, சூளகிரி என்று போய்விட்டு, மாசி வாக்கில் திரும்பும். 1980-களில் இப்படிப் போன சில கூட்டங்கள் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமே குடியேறிவிட்டன. ஒன்றிரண்டு தலைமுறை அல்ல, நெடுங்காலமாக யானையே இல்லாத ஊர் அது! கடைசியில் ஆந்திரா அரசு அவற்றுக்காக கவுண்டின்யா சரணாலயத்தையே ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கமும் அரசு சும்மா இல்லை. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், 504 சதுர கிலோ மீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம், 686 சதுர கிலோ மீட்டர். காவிரிக்கரை மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில், ஆற்றில் நீர்நாய், முதலை எல்லாம் உண்டு. பர்ன்ஹாம் பீச்சஸ் ஐந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் என்றேன் அல்லவா? காவிரி வடக்கு மட்டும் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் ஏக்கர். இதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் க்யூ.ஸி. நண்பர், ''அடப்பாவி, விசா எடுத்து, ப்ளேன் ஏறி...'' என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் அங்கே மாலையில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனால் காடு காட்டோடு முடிந்துவிடும். இங்கே அது பின்னாலேயே வருகிறது.

இருட்டுவதற்குள் கேன்டீன் தம்பியின் வயலுக்கு வந்தோம். அவன் அப்பா பரணுக்கு ஏறத் தயாராக இருந்தார். ஒல்லியான மனிதர், தலையில் மப்ளர். ''வாங்க ஸார்... பையன் சொன்னான்.'' எங்களை விடவில்லை. களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தது. சுடச் சுட. களியை மெல்லக்கூடாது, முழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் மென்றேன். மாட்டிக்கொண்டு விழித்தேன்.

''எங்க நிக்குது?'' என்று மகனிடம் கேட்டார்.

''மூங்கில் பள்ளத்துலப்பா. எட்டு. குட்டி ஒண்ணு.''

''குட்டி இருக்குதா...'' என்று சொல்லிவிட்டு, காற்று வருகிற திசையைப் பார்த்தார். குட்டி இருந்தால் தாய் ரொம்ப உஷாராக இருக்கும். தகர டின்னுக்குப் பயப்படாது, திருப்பி வரும் என்பது அவர் கணக்கு. இரண்டு வருஷம் முன்பு ஒரே ராத்திரியில் முக்கால் ஏக்கர் போயிருக்கிறது. நிவாரணம் வந்ததா? வந்தது. ஆள் வந்து பார்த்து, எழுதி, ஃபோட்டோ எடுத்து, காகிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிட்டது. ''தின்னதுல பாதிதான் ஸார் அது வயித்துக்குப் போச்சு. மீதி காலுக்குப் போச்சு. அதுதான் வயித்தெரிச்சல்.''

''கரண்ட் வேலி போடறாங்களே...'' என்று இழுத்தேன்.

அவர் கையை உதறினார். 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே நடந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. ''அந்த வீடியோவை என் சம்சாரம் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. நம்ம ராகியைத் தின்ன ஆனைதான் அதுவும். இருந்தாலும் பாருங்க...'' டார்ச் பேட்டரியைக் கையில் தட்டிப் பார்த்தார். ''டின்னு இருக்குது. தொண்டை இருக்குது. பாப்போம்.''

எழுபது கிலோ மனிதர்கூட இல்லை. நாலு டன் யானைகள் எட்டு. நடுவில் ஒரு தகர டின்.

கிளம்பும்போது கேன்டீன் தம்பி, ''அண்ணா, நீங்க போங்க. நான் காலைல ஃபர்ஸ்ட் பஸ் புடிச்சு வந்துடறேன். அப்பா தனியா இருக்காரு,'' என்றான். பரணில் இரண்டு போர்வை தெரிந்தது. பைக் ஸ்டார்ட் செய்தேன். அந்த சத்தம் எனக்கே நாராசமாக இருந்தது. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஏறுகிற வரை ஹார்ன் அடிக்கவில்லை. ஓசூர் வந்தது. ஹைவே லாரிகள். ரூம். பட்டறைக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டிருந்தான். 'டங்... டங்...' எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எட்டு யானையும் ஒரு குட்டியும் இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை டீ டைம். க்யூ.ஸி. நண்பர் எனக்கு முன்பே கேன்டீனில் வந்து நின்றுகொண்டிருந்தார். தம்பி டிரேயோடு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. குரல் கட்டிப்போயிருந்தது.

''என்னப்பா, வந்துச்சா?''

''வந்துச்சுண்ணா. ரெண்டு மணிக்கு.''

''அய்யய்யோ... எவ்வளவு போச்சு?''

''எங்களுது போகலைண்ணா. நாங்க கத்தின கத்துல வரப்போட திரும்பிடுச்சு.'' டம்ளரை எங்கள் முன்னால் வைத்தான். ''பக்கத்துப் பெரியப்பா வயலுக்குள்ள போயிடுச்சு. அவர் நேத்து உடம்பு சரியில்லேன்னு பரண்ல படுக்கலை.''

அடுத்த டேபிளில் யாரோ டீ கேட்டுக் கத்தினார்கள். போனான்.